மூன்றாவது நாற்காலி

ஷவ்லேய் நகரில் செவ்வாய் மாலை வகுப்பு.
ஒருவர் ஆலோசகர், ஒருவர் மாணவர்.
மூன்றாவது நாற்காலிக்கு வாய் கிடையாது,
கண்ணும் ஒரு படிவமும்தான்.
இன்று அது எனக்கு.

டாங்குவோலே கேட்க வேண்டும்.
ரிமான்டஸ், வயது ஐம்பத்தொன்று,
இருபது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர்,
இன்றைக்கு எட்டாம் வகுப்பு.
அவருக்குக் கொடுத்த தாளில் இருந்தது இவ்வளவே:
கணக்கில் மார்க் குறைவு, நண்பனோடு பேச்சில்லை.

ஐந்து நிமிடம் தாள்படியே போனது.
"ராத்திரி தூக்கம் வருதா?" என்றாள்,
கையேட்டில் படித்த கேள்வி.

"ஷூவோடதான் படுப்பேன்" என்றார்.
"அப்பா வர்ற சத்தம் கேட்டா
ஜன்னல் வழியா குதிக்கணுமே."

பனி உருகி
அவர் பூட்ஸைச் சுற்றி ஒரு சின்னக் குட்டை.

அடுத்த கேள்விக்குத் தாளைப் புரட்டினாள்.
பிறகு கவிழ்த்து வைத்தாள்.
மௌனம் பற்றி
நாங்கள் ஆறு மணி நேரம் பாடம் கேட்டிருந்தோம்.
முட்டை வடிவ டைமர் அடித்தது.
நிறுத்த யாரும் எழவில்லை,
அதுவே அடித்து ஓய்ந்தது.

ஆலோசகரின் தவறுகள் என்ற கட்டத்தை
வெறுமையாக விட்டேன்.
மாணவர் வயது:
பதினான்கை அடித்து ஐம்பத்தொன்று என்று எழுதி
அதையும் அடித்து
மறுபடி பதினான்கு.

காபி மேசையில் அவர் சிரித்தார்,
"நல்லா நடிச்சேனா?"
நாற்காலியை விட்டு வந்து வெகுநேரம் ஆகியும்
எனக்கு வாய் முளைக்கவில்லை.
டாங்குவோலே சர்க்கரைக் கிண்ணத்தை
அவர் பக்கம் நகர்த்தினாள்.