ஐந்து டிக்கெட்

விடிகாலைப் பூசை முடிந்து
ஹாரோ மணிக்கூண்டின் கீழ்
பிபிங்கா அடுப்பைச் சுற்றி ஏழு பேர்.
வாழையிலை கருகும் வாசம்,
காகிதக் கோப்பைகளில் இஞ்சித் தண்ணீர்.
பாதிரியார் என்ன சொன்னார் என்று
ஒருவருக்கும் ஞாபகமில்லை.
இருபத்தைந்தாம் தேதி எந்தப் படத்துக்குப் போவது,
அதுதான் பேச்சு.

"பாலன் பிறந்த நாளில்
பேய்ப்படத்தை விடுவானா ஒருத்தன்?"
இது எவாஞ்சலின். பல் டாக்டரிடம் உதவியாளர்.
"பின்னே எப்போது விடுவான்?
பதிமூன்றாம் மாதச் சம்பளம் கையில்.
ஞானத்தகப்பன் கொடுத்த புது நோட்டு
பிள்ளைகள் பையில் மடிப்புக் கலையாமல்.
ஜனவரியில் விட்டால்
பேய்கூடப் பார்க்க வராது."
இது ரொசெண்டோ. வாய் நிறைய தேங்காய்த் துருவல்.

அர்னுல்ஃபோவுக்கு வேறு கோபம்.
வெளிநாட்டுப் படமெல்லாம் பெட்டி கட்டிப் போய்விடும்,
இரண்டு வாரம் நம் படம் மட்டும்தான் என்கிறார்கள், சரி.
எட்டையும் ஒரே நாளில் அவிழ்த்துவிட்டால்
நம் படத்தை நம் படமே கடித்துத் தின்னாதா?
மூன்றாம் நாள் காலை
எலும்பு பொறுக்கத்தானே ஆள் வேண்டும்?

"அப்படித் தின்னப்பட்டதுதான்
அந்தப் படகுத்துறைப் படம்" என்றாள் மெர்லிண்டா.
எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.
அதுமாதிரி இனி வராது.
அந்த மழை!
அந்த முதல் இருபது நிமிடம், ஒரு வசனம் கிடையாது!
நான் தியேட்டரிலேயே பார்த்தேன்.
நானும்தான்.
நானும்.

எனக்கு வேலை, வாசலில் டிக்கெட் கிழிப்பது.
மூன்றாம் எண் அரங்கு.
அந்தப் படம் இருபத்தைந்தில் வந்து
இருபத்தெட்டில் சுருண்டது.
நான் கிழித்தது மொத்தம் ஐந்து.
இரண்டு, இருட்டு தேவைப்பட்ட ஒரு ஜோடி.
ஒன்று, அரங்கு மாறி நுழைந்து
பத்தாம் நிமிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டவர்.
ஒன்று, இதோ ஓரத்தில்
பிபிங்காவின் அடிக்கருகலைச் சுரண்டும் போர்ஃபிரியோ.
ஜீப்னி ஓட்டுபவர். இதுவரை வாய் திறக்கவில்லை.

மிச்சம் ஒன்று நான் வாங்கியது.
இரண்டு பேராவது இருந்தால்தான் ஓட்டம்,
அது மேலாளரின் சட்டம்.
அவர் தனியாக வந்திருந்தார்,
ஈரச் சட்டையோடு, சில்லறையாக எண்ணிக் கொடுத்து.
என் டிக்கெட்டை நானே கிழித்து
என் பையிலேயே போட்டுக்கொண்டேன்.
படம் பார்க்கவில்லை. கதவை விட்டு நகர முடியாது.

இப்போது முடிவைப் பற்றிச் சண்டை.
அவள் படகில் ஏறிவிடுகிறாள் என்கிறான் ரொசெண்டோ.
ஏறவில்லை, கடலில் குதிக்கிறாள் என்கிறாள் எவாஞ்சலின்.
அர்னுல்ஃபோவுக்கு ஒரு கல்யாணமே நினைவிருக்கிறது.

"படகு போய்விடும்" என்றார் போர்ஃபிரியோ.
"அவள் கயிற்றைச் சுருட்டி வைப்பாள்.
மெதுவாக, ஒரு ஆளுக்குச் சோறு போடுகிற மாதிரி.
அப்புறம் எழுத்து ஓடியது.
அப்புறமும் ஏதோ இருந்திருக்கும்.
அதற்குள் எந்தப் புண்ணியவானோ
விளக்கைப் போட்டுவிட்டான்."

புண்ணியவான் இல்லை, நான்தான்.
அதே அரங்கை
அடுத்த காட்சிக்குப் பேய்க்குக் கொடுத்திருந்தார்கள்.
கூட்டம் கதவை இடித்துக்கொண்டிருந்தது.
கையில் துடைப்பம் வேறு.

அதைச் சொல்லவில்லை.
இஞ்சித் தண்ணீர் இன்னொரு கோப்பை வாங்கி
அவர் பக்கம் தள்ளினேன்.

மேலே மூங்கில் நட்சத்திரங்களை
ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வந்தான் ஒரு பையன்.
விடிந்துவிட்டது.
சண்டை ரொசெண்டோவின் மோட்டார் சைக்கிள் வரை போய்
அங்கிருந்து கை ஆட்டியது.

போர்ஃபிரியோ மட்டும் நின்று கேட்டார்:
"இந்த வருஷம் எட்டாவது படம் எது?
போஸ்டரில் எழுத்தே தெரியாமல் இருக்குமே, அது?"

உப்பளத்துக்காரர்கள் கதையாம். காலை பத்தரை.
மூன்றாம் அரங்கு.

"ஆள் வருமா?"

இரண்டு பேர் வருவார்கள் என்றேன்.