மூன்று இருநூறு

மனோலித் தீவுக்குத் தெற்கே
ஐந்து பாகத் தண்ணீர்.
துரத்திய படகுக்கும் துரத்தப்பட்ட படகுக்கும் நடுவில்
திங்கட்கிழமை ராத்திரி
கடல் எதையோ வாங்கி வைத்துக்கொண்டது.
புதன்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள்.
சங்கு எடுக்கிறவனுக்குத் தரை தெரியும் என்று
யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

தெரியும்தான்.
மேலே கலங்கல், கீழே தாழை.
தாழைக்குள் கையை விட்டால்
சங்கா கல்லா என்று விரல் சொல்லிவிடும்.
பதினோராவது முக்குளிப்பில்
விரல் ஒன்றும் சொல்லவில்லை.
துண்டில் சுற்றி, டேப் ஒட்டி,
இழுத்துக் கட்டிய பொட்டலம்.
தண்ணீருக்குள் எல்லாமே கொஞ்சம் எடை குறையும்.
இது குறைய மாட்டேன் என்றது.

மண்டபம் ஜெட்டியில் மின்தராசு.
"மூணு இருநூறு" என்றார் அதிகாரி,
மீன் விலை சொல்வதுபோல.

எங்கள் வீட்டில் தங்கத்துக்குக் கிராம் கிடையாது.
குண்டுமணிதான்.
உச்சிப்புளி வேலியில் காய்த்து வெடிக்கிற
அதே சிவப்பு, அதே கறுப்புக் கண்.
ரெண்டு சேர்ந்தால் மஞ்சாடி.
அதற்கு மேலே பணவெடை, கழஞ்சு, வராகனெடை என்று
பத்தர் வாயில் கேட்டிருக்கிறேன்.
அந்த மாடிக்கெல்லாம் ஏறுகிற வேலை
எங்களுக்கு வந்ததில்லை.

நம்புநாயகியின் மூக்குத்தி
கல் போக மூன்று குண்டுமணி.
ஆடியில் தென்கடல் புரண்டபோது அடகுக்குப் போனது.
அழுக்குக்கு என்று ஒரு நெல்லெடை கழித்தார் கடைக்காரர்.
அந்த ஒரு நெல்லைப் பற்றி
அவள் நாலு நாள் பேசினாள்.

படகு திரும்பும்போதே கணக்குப் போட்டுப் பார்த்தேன்,
மூணு கிலோவாவது இருக்கும் என்று.
இப்போது இருநூறும் சேர்ந்துகொண்டது.
கிராமுக்கு ஏழரை என்று வைத்தாலும்
இருபத்து நாலாயிரம் குண்டுமணி.
எட்டாயிரம் மூக்கு
என் மடியில் உட்கார்ந்து வந்திருக்கிறது.

"வாயைத் திற" என்றார்கள்.
திறந்தேன்.
"நாக்கைத் தூக்கு. முடியை உதறு."
முடியிலிருந்து உப்புத் தண்ணீர் கொட்டியது.
அதை யாரும் எடை போடவில்லை.
கூலி ஆயிரத்து ஐநூறு, பரோட்டாப் பொட்டலம் ஒன்று.
ஆயிரத்து இருநூறு அடகுக்கடை வட்டிக்குப் போனது.
மூக்குத்தி அங்கேயே இருக்கிறது,
சீட்டு மட்டும் புதுசு.

ராத்திரி அவள் கேட்டாள்:
"எம்புட்டுக் கனம் இருந்துச்சு?"
குண்டுமணியில் சொல்ல வாய் வரவில்லை.
சொன்னால் தூங்க மாட்டாள்.

"சின்னவன் பிறந்தப்ப
ஆஸ்பத்திரித் தராசுல போட்டாங்கள்ல, அம்புட்டு."

கொஞ்ச நேரம் பேசாமல்
உறங்குகிறவன் காலை இழுத்துப் போர்த்தினாள்.
பிறகு சொன்னாள்:
"அவனத் தூக்கிட்டு வெளியே வந்தப்ப
என் வாயத் தொறக்கச் சொல்லி
எவனும் பாக்கலயே."

சிரித்தாள்.
மூக்கின் துளை தூர்ந்துவிடாமல் இருக்க
அவள் செருகியிருந்த விளக்குமாற்று ஈர்க்கு
சிரிப்பில் ஆடியது.
ஒரு நெல்லுக்கும் கீழே அதன் எடை.
அதற்குப் பேர் இருக்கிறதா என்று
பத்தரைத்தான் கேட்க வேண்டும்.