முப்பத்தொன்பது புள்ளி எட்டு

பதிவேட்டில் எல்லோரும் எழுதும் எண் ஒன்றுதான்:
முப்பத்தொன்பது புள்ளி எட்டு.

விஸ் தீவில், கொமிஜாவின் படகுத்துறையில்
சிலிண்டர்களுக்குக் காற்றடைப்பது என் வேலை.
கம்ப்ரஸர் இரைச்சலில் ஒரு காது போய்விட்டது.
மற்றக் காதுக்குப் பொய் நன்றாகவே கேட்கும்.

மூன்று மைல் தள்ளி தெரேசா கிடக்கிறது,
சிமெண்டு ஏற்றிப்போன பழைய கப்பல்,
முழுகியும் நிமிர்ந்தபடி.
மேல்தளம் முப்பத்தாறு மீட்டரில்.
அதன் பித்தளை விசிறி ஐம்பத்து நான்கில்.
நாற்பதுக்குக் கீழே போகாதே என்ற எங்கள் எல்லை
இரண்டுக்கும் நடுவே எங்கோ ஓடுகிறது.
வேலி கிடையாது, கொடி கிடையாது.
தண்ணீர் அந்த இடத்தில்
கொஞ்சமும் தடித்துக்கொள்வதில்லை.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
இவர்களுக்கு ஆழம் தெரியும்.
மணிக்கட்டில் கட்டியிருக்கிறார்கள்,
புள்ளிக்குப் பின்னால் ஓர் எண் வரை தெரியும்.
தெரிந்துதான் விடுகிறார்கள்.

லுபோர், பிர்னோ நகரத்துப் பல் மருத்துவர்.
மிட்டாய் தின்னும் பிள்ளைகளை
ஆண்டு முழுக்க மிரட்டிவிட்டு
செப்டம்பரில் இங்கே வருவார்.
போன வருஷம் சிலிண்டரைத் தட்டிக் கேட்டார்:
"இருநூறு பார் போதாது, இருநூற்று முப்பது அடை."
மாட்டேன் என்றேன்.
சிரித்துக்கொண்டே எதிர்க்கடைக்குப் போனார்.
போனார், இறங்கினார், விசிறியைத் தொட்டார்,
மேலே வந்தார்.
ஒன்றும் ஆகவில்லை.

அதுதான் கோளாறே.
ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு
அன்றிரவு மதுக்கடையே கைதட்டியது.
விசிறியின் இதழில் கைவைத்த படம்
மேசை மேசையாகப் போயிற்று.
மறுநாள் காலை இருவர் வந்து நின்றார்கள்:
"எங்களுக்கும் இருநூற்று முப்பது."

கைதட்டாதவள் மிலேனா.
அவருடைய துணை, அதே மருத்துவமனை.
மேல்தளக் கம்பியைப் பிடித்துக்கொண்டு
முப்பத்தாறில் நின்றவள்.
அவர் விளக்கு முதலில் எலுமிச்சையளவு,
பிறகு கடுகளவு,
பிறகு, இருக்கிறது என்று அவளாக நினைத்துக்கொண்டது.
துருப்பிடித்த கம்பி உள்ளங்கையைக் கிழித்திருக்கிறது.
அந்த ஆழத்தில் ரத்தம் பச்சை.
யாருடையதோ என்று பார்த்தாளாம்.

"ஐந்து நிமிஷம்," என்றாள் என்னிடம்.
"ஐந்து நிமிஷமும் என் சிலிண்டரை
இரண்டால் வகுத்துக்கொண்டே இருந்தேன்.
கடைசியில் வகுக்க ஒன்றும் மிச்சமில்லை.
அப்போதுதான் அவர் வந்தார்,
கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து
ஓகே என்று காட்டிக்கொண்டு."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்ல எனக்கு வாயில்லை.
இருபத்தாறு வயதில் அதே விசிறிக்கு
மூன்று மீட்டர் மேலே இருந்தவள் நான்.
பயமா? இல்லவே இல்லை.
இரண்டாம் கோப்பை வைனின் இளஞ்சூடு.
யாரோ என்னை மன்னித்துவிட்டதைப் போல.
காற்றுமானியைப் பார்த்தேன். ஐம்பது.
எவ்வளவு அழகான எண் என்று நினைத்தேன்.
என்ன பொருள் என்று நினைவுக்கு வரவில்லை.
கரைக்கு வந்ததும் பேனாவை எடுத்து எழுதினேன்:
முப்பத்தொன்பது புள்ளி எட்டு.

இந்த வருஷம் பதிவேட்டில்
ஒரு கட்டம் கூடுதலாகக் கோடு போட்டேன்,
ஆழத்துக்குப் பக்கத்தில்:
மேலே காத்திருந்தவர் யார்?
லுபோர் தனியாகத்தான் வந்திருந்தார்,
துணைக்குப் படகில் யாரையோ பிடித்துக்கொண்டு.
பேனா அந்தக் கட்டத்தின் மேல் கொஞ்சநேரம் நின்றது.
"இது புது விதியா?"
"இல்லை, சும்மா."
அந்த ஆளைக் கூப்பிட்டுப் பெயர் கேட்டு எழுதினார்,
எழுத்துப் பிழையோடு.

கடை மூடியபின் என் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்தேன்.
ஈரம் ஏறி ஊதிய தாள், என் கையெழுத்து, அந்தப் பொய்.
அன்று எனக்கு மேலேயும் ஒருவர் நின்றிருந்தார்.
மஞ்சள் துடுப்பு. ஆணா பெண்ணா என்றுகூட
எவ்வளவு யோசித்தும்
வரவில்லை.