ஆள் விழுந்தால்

சட்டையில் குத்திய பெயர்ப்பட்டையில்
பத்தொன்பது வருடமாக நான் கேப்டன்.
இரட்டை மாடி பஸ், எண்பது சொச்சம் இருக்கை,
வழுக்காத ரப்பர் தரை.
ஒரு சொட்டுக் கடல் கிடையாது.

வெஸ்ட் கோஸ்ட் பக்கம் திரும்பும்போது
மேல்மாடியில் யாராவது "கப்பல் பார்" என்பார்கள்.
படிக்கட்டு வழியாக அந்தச் சொல் மட்டும் இறங்கி வரும்.
கீழே எனக்குத் தெரிவது
முன்னால் போகும் லாரியின் தார்ப்பாய்.

"படகே இல்லாதவருக்குப் படகு லைசென்ஸா?"
என்றாள் கலாவல்லி.
பிள்ளை வருவதற்கு முன்பே
நாம் பெயர் பார்த்து வைக்கவில்லையா என்றேன்.
சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன்.
அந்தப் பெயர் இன்னும் புதிதாகவே இருக்கிறது.

படிவம் கேட்டது:
பதினாறு நிரம்பிவிட்டதா?
ஐம்பத்து மூன்று என்று எழுதினேன்,
கட்டத்துக்குள் கச்சிதமாக.

பக்கத்து நாற்காலியில் ஸின் யிங்.
போன மாதம்தான் பதினாறு.
கார் ஓட்ட இன்னும் இரண்டு வருடம் பொறு என்கிறது சாலை;
கடலுக்கு அவ்வளவு பொறுமை இல்லை போல.
பள்ளிக்கூட ஸ்வெட்டருக்குள் கைகளை இழுத்துக்கொண்டு
குளிர்சாதனத்தைத் திட்டினாள்.
எனக்கு முன்னால் எழுதி முடித்தாள்.

எதிரெதிரே வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்பு.
இடது ஓரம், இடது ஓரம் என்று
இத்தனை காலம் சோறு போட்ட கைக்கு
அதைச் சொல்லிப் புரியவைக்க
மூன்று ராத்திரி ஆனது.
வலமிருந்து குறுக்கே வருபவனுக்கு வழிவிடு.
அவனுடைய சிவப்பு விளக்கு உன் கண்ணில் பட்டால்
ஒதுங்க வேண்டியவன் நீ.
சிவப்பு என்றால் நில் என்பது மட்டும்
இரண்டு உலகத்திலும் ஏறக்குறைய ஒன்று.
எழுத்துத் தேர்வில் பிழைத்தேன்.

செய்முறை நாள், காலை ஒன்பது, அலை கொஞ்சம்.
ஏறியதும் வலது கால்
தரையைத் துழாவியது.
"என்ன தேடுறீங்க?" என்றார் ஹஸ்னான்.
"பிரேக்."
"அது இல்லை சார். நீங்க நிறுத்தினாலும்
தண்ணி நிறுத்தாது."

திடீரென்று ஆரஞ்சு மிதவை ஒன்றை எறிந்து
"ஆள் விழுந்துட்டான்!" என்று கத்தினார்.

இதற்கும் விதி இருக்கிறது.
ஒருவர் கையை நீட்டிச் சுட்டிக்கொண்டே இருக்க வேண்டும்,
கண்ணை எடுக்கக் கூடாது.
அலைக்குள் ஒரு தலை
தேங்காயைவிடச் சின்னது.
வட்டமடித்துத் திரும்பி வந்து
காற்றை எதிர்த்து மெல்ல நெருங்கி
விசிறியை நிறுத்தி
கையால் எடு.

ஸின் யிங் எடுத்தாள், முதல் முறையே,
பூனையைத் தூக்குவதுபோல.

நான் வேகமாக வந்தேன்.
என் கணக்கில் அது ஸ்டாப்பிங்.
டொக் என்ற சத்தம்.
ஹஸ்னான் மிதவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
"கொன்னுட்டீங்க சார்" என்று
மரியாதையாகக் குறித்துக்கொண்டார்.

மறுபடி எழுதிக் கொடுத்திருக்கிறேன், அடுத்த மாதம்.

இன்று மாலை, மழை விட்ட நேரம்,
கதவு மூடிய பிறகு ஒரு பெண் ஓடி வந்தாள்.
கையில் இரண்டு பை, ஒன்றில் கீரை.
நேர அட்டவணை இரண்டு நிமிடம் பின்னால் என்றது.
தடம் மாறி நகர்ந்திருந்தேன்.
பஸ் பின்னோக்கிப் போகக் கூடாது,
அதுவும் விதி.

அடுத்த விளக்கில் சிவப்பு.
பக்கக் கண்ணாடியில் அவள்
விரல் நகத்தளவு நின்றுகொண்டிருந்தாள்.
ஸ்டியரிங்கை விட்ட வலது கை
ஏனோ அந்தப் பக்கம் நீண்டது.
பின்னால் யாரோ மணி அடித்தார்கள்.
பச்சை விழும் வரை
நான் கண்ணை எடுக்கவில்லை.