பதினோரு விநாடி

மாவட்ட நூலகத்தின் நிலவறையில்
பழைய டேப்புகளைச் சுத்தம் செய்வது என் பிழைப்பு.
சுத்தம் என்றால்
இருமலை எடுப்பது, இரைச்சலை எடுப்பது,
எவரோ நாற்காலி இழுத்ததை எடுப்பது.
முள் எடுத்த மீன் மாதிரி
பேச்சு மட்டும் தட்டில் மிஞ்ச வேண்டும்.

அந்த டேப்பின் பெட்டியில் பென்சில் எழுத்து:
வெர்லீன் டப்ஸ், சலவைத் தொழிலாளர் கூட்டம்,
மோபில், அலபாமா, ஜூலை 1964.
எந்தப் பாடப்புத்தகமும் கேட்டிராத பெயர்.
நீராவிக்குள் நின்று
ஊரார் படுக்கை விரிப்புகளை மடித்த கை.
முதலில் தொண்டை கட்டியிருக்கிறது அவளுக்கு.
பிறகு திறக்கிறது.

"ஒரு காலர் தேய்க்க நாலு சென்ட் தருகிறீர்கள்.
சரி.
அந்தக் காலருக்குள் இருக்கிற கழுத்து
எங்கள் பக்கம் திரும்ப
என்ன கேட்கிறீர்கள், சொல்லுங்கள்,
சீட்டுப் போட்டாவது கட்டுகிறோம்."

சிரிப்பு. கைதட்டல். ஆமாம், ஆமாம் என்று ஒரு பெண் குரல்.
அப்போது எவனோ வெளியே கரண்டைப் பிடுங்கிவிட்டான்.
மைக் செத்தது.
ரெக்கார்டர் பேட்டரியில் ஓடியது,
ஒன்றும் கிடைக்காமல் ஓடியது,
பதினோரு விநாடி.
கரண்ட் திரும்பியபோது அவள் நடு வாக்கியத்தில் இருக்கிறாள்:
"அதனால்தான் நாளைக் காலை
நம்மில் ஒருத்தியும் உள்ளே போகவில்லை."

எதனால்?

சுவர் வரைகிற டெல்ஃபீன் ரக்கர்
நாலு நாள் என் ஹெட்ஃபோனைக் கழற்றவில்லை.
ஐந்தாம் நாள் சொன்னாள்: "இனி எதையும் துடைக்காதே."
அதற்குள் இரண்டு இருமல்களை நான் துடைத்திருந்தேன்.

டயர் கடையின் பக்கச் சுவர், எழுபதடி.
பேச்சை அவள் கொடியில் காயப்போட்டாள்.
குரல் உயர்ந்த இடமெல்லாம் பெரிய விரிப்பு,
தாழ்ந்த இடம் கைக்குட்டை,
கைதட்டலுக்கு வரிசையாகச் சட்டைகள்,
இருமலுக்கு ஒற்றைக் காலுறை.
எல்லாம் வெள்ளை. கடற்காற்று அடிக்கிற வெள்ளை.
நடுவில் ஒன்பதடிக்கு
கொடியும் இல்லை, துணியும் இல்லை,
செங்கல்.

கமிட்டி வந்தது, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு.
"வாசகம் எங்கே? படிக்க ஒரு வரியாவது வேண்டாமா?"
"மீதியை எப்போது முடிப்பீர்கள்?"
ஒருவர் மெதுவாக:
"இங்கே ஒரு புறா போடலாமே."
டெல்ஃபீன் சாரத்தின் மேலிருந்து
தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.
அவர் சப்பாத்தில் இரண்டு சொட்டு விழுந்தது.
தற்செயல்தான்.

ரூத்தெல் ஃபெய்சன் பஸ்ஸை விட்டு இறங்கி
காய்கறிப் பையோடு வந்து நின்றது
அன்றைக்கு மாலை.
அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில்
இன்னும் நடமாடுகிறவர் அவர் ஒருவர்தான்.
எல்லோரும் சூழ்ந்துகொண்டோம். எனக்கு நெஞ்சு அடித்தது.
அந்தப் பதினோரு விநாடியில்
வெர்லீன் என்ன சொன்னார்?

"எனக்கு எப்படித் தெரியும்?
நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார்.
"இருட்டில் எவன் நுழைகிறான் என்று
ஒருத்தி பார்க்க வேண்டாமா?"
பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.
"மறுநாள் நானும் உள்ளே போகவில்லை.
அது தெரியும்."

காலையில் செங்கல்லின் கீழ் ஓரத்தில்
ஒரு நாற்காலி இருந்தது.
மடக்கு நாற்காலி, சாம்பல் நிறம், முழங்கால் உயரம்.
துணிகளுக்கு முதுகு காட்டி
தெருவைப் பார்த்தபடி.
கமிட்டி கடைசித் தவணையை இன்னும் தரவில்லை.
டயர் மாற்றக் காத்திருக்கிறவர்கள்
அதன் பக்கத்தில் குந்தி சிகரெட் பிடிக்கிறார்கள்.
ஒரு பையன் உட்காரப் பார்த்து விழுந்தான்.

அழித்த இருமல்களை மூல டேப்பிலிருந்து எடுத்து
அதனதன் இடத்தில் திரும்ப வைத்துவிட்டேன்.
இதற்குக் கூலி இல்லை.
இரண்டாவது இருமல்
பேசியவளுடையது அல்ல, தள்ளி இருக்கிறது,
கடைசி வரிசையாக இருக்கலாம்.

இப்போதெல்லாம் அந்த வெற்றிடம் வரும்போது
ஒலியைக் கூட்டுவதில்லை.
தலையைத் திருப்பிக் கதவைப் பார்க்கிறேன்.
நிலவறைக் கதவு.
அதில் ஒரு துடைப்பம் சாய்ந்திருக்கிறது.
எட்டு, ஒன்பது, பத்து.