மூன்றாம் சக்கரம், முப்பத்தொன்று

பல்லடத்து சைசிங் மில்லில் பாவு பீம் ஏற்றி
காரணம்பேட்டை வழியாகச் சோமனூருக்கு
தினம் இரண்டு நடை.
பிக்கப்பில் நான்கு பீம், பின்னால் டிரெய்லரில் எட்டு.
உருண்டைக் கொக்கியில் பூட்டி,
சங்கிலி இரண்டையும் குறுக்காக மாட்டி,
விளக்கு ஒயரைச் செருகிவிட்டு
பின்னால் போய்ப் பார்த்துச் சொல்ல ஆளில்லாததால்
மில் சுவரில் பிரேக்கின் சிவப்பு விழுகிறதா என்று
கண்ணாடியில் பார்த்துக் கிளம்புவேன்.

ஆடியில்
பாலக்காட்டுக் கணவாய் நுழைந்து வரும் காற்று
காற்றாலைக்கு வேலைக்குப் போகிற வழியில்
டிரெய்லரின் வாலைப் பிடித்து ஆட்டும்.
ஆடினால் பிரேக்கை மிதிக்கக் கூடாது.
ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு
ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு
அதுவாக அடங்கும்வரை மூச்சு விடாமலிருக்க வேண்டும்.
அவிநாசிபாளையம் தாண்டி ஒரு புளியமரம்
தன் பட்டையைக் கொடுத்து எனக்கு இதைச் சொன்னது.

அன்றைக்கு வெடித்தது மூன்றாம் சக்கரம்.
காத்து இறங்கியது எனக்கு எப்படித் தெரியும்?
பின்னால் இழுத்து வருவதன் வலி
முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்குக் கேட்பதில்லை.

பிறகு வால்வு மூடிகளைக் கழற்றி
நான்கு சென்சார் திருகினேன்.
டாஷ்போர்டில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு திரை.
ஐம்பது, ஐம்பது, நாற்பத்தெட்டு, ஐம்பது.
டயர் புதிது, ரிம்மின் சொட்டை பழையது.
தொட்டியில் முக்கினால் ஒரு குமிழி வராது.
ராத்திரியில் மட்டும் யாருக்கும் தெரியாமல் விடும்.
காலையில் டீக்கு முன்னால்
அதற்கு இரண்டு பவுண்டு காத்து.

கூலிப் பேச்சு இழுத்த வருஷம் தறி நின்றது.
தவணை நிற்கவில்லை.
நெகமத்துப் பக்கம் நார் மில் வைத்திருக்கும்
சென்னியப்பனுக்கு டிரெய்லரை விற்றேன்.
‘இந்தப் பொட்டிங்க?’ என்றார் திரையைக் காட்டி.
‘அது ஓடறதில்லீங்க.’
ஏன் அப்படிச் சொன்னேன்,
வாய் வந்தது, சொல்லிவிட்டது.

இரண்டு வருஷமாகத் திரையில் நான்கு கோடுகள்.
நானும் அணைக்கவில்லை.
இழுக்க ஒன்றுமில்லாவிட்டாலும்
வளைவுகளை இன்னும் அகலமாகத்தான் எடுக்கிறேன்.
பின்னால் வரும் பைக்காரர்கள் திட்டுகிறார்கள்.

போன வியாழன், கோமங்கலம் பக்கம் ரயில்வே கேட்.
பழனி வண்டி தாமதம்.
எதிர்ப்பக்கம் நார்க்கட்டு மலைபோல் ஏற்றி ஒரு டிரெய்லர்,
பச்சை அடித்திருக்கிறார்கள்,
எனக்கு அடையாளம் தெரியவில்லை.
திரைக்குத் தெரிந்தது.
ரயிலின் கடைசிப் பெட்டி போகையில்
கோடு ஒவ்வொன்றாக எண்ணாயிற்று.
நாற்பத்தாறு. நாற்பத்தைந்து.
முப்பத்தொன்று. நாற்பத்தாறு.
பிறகு அந்தப் பீப்.

கேட் தூக்கியதும் இரண்டு பக்கமும்
ஒரே நேரத்தில் உலகம் கிளம்பியது.
ஜன்னல் ஜன்னலை உரசும்போது கத்தினேன்:
‘தம்பி, மூணாஞ்சக்கரத்துல காத்து கம்மி!’
‘உங்குளுக்கு எப்புடீங்க்கா தெரியும்?’

திரையைப் பிய்த்துக் கொடுத்துவிடலாம் என்று கை போனது.
இரட்டை ஒட்டு டேப், விடவில்லை.
நகம் போனது.
பின்னால் உடுமலை பஸ் ஆரன் அடித்தே என்னைத் தள்ளியது.

அரை கிலோமீட்டர் வரைக்கும் அந்த முப்பத்தொன்று
திரையில் அப்படியே நின்றது.
அது பழைய எண், கடைசியாகக் கேட்டது.
இதற்குள் முப்பதோ, இருபத்தெட்டோ.
தென்னந்தோப்புகளுக்கு மேல் காற்று எழுந்துவிட்டது.
நார்க்கட்டு அதற்குப் பாய்மரம்.

கோடு. கோடு. கோடு. கோடு.

ஒரு சோளக்காட்டு இட்டேரி வாயில் பார்த்துத் திருப்பினேன்.
ஒற்றை வண்டிக்கு அவ்வளவு இடம் வேண்டியதில்லை.
இருந்தும் வேலியோரம் வரை ஒதுங்கிப் போய்
அகலமாக
பின்னால் வருவதற்கும் சேர்த்து.