விடுபட்ட அடி

முதல் ஆல்பம் நானூறு பிரதி.
அதில் நூற்றுப்பத்து இன்னும்
ராய்லாவின் அப்பா கார் ஷெட்டில்
குளிர்கால டயர்களுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.

இரண்டாவதை
கெமியில், மூடிப்போன மீன் கிடங்கில் பதிந்தோம்.
பதினோரு இரவு. வாடகை மலிவு.
சுவரெல்லாம் வெள்ளை ஓடு,
எதிரொலியும் ஹெர்ரிங் வாடையோடு திரும்பி வரும்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு.
வெய்யோ கிடாரைத் தொடுமுன்
விரல்களை அக்குளில் வைத்துக் கொஞ்சநேரம் நிற்பான்,
தன்னைத்தானே கைதுசெய்தவன் போல.

ஒன்பது பாட்டு முடிந்தது. எல்லாம் பெரிய பாட்டு:
கடல், கடவுள்,
காகித ஆலை ஊர்மேல் விடும் அழுகின முட்டைப் புகை.
நாடாவில் நாலு நிமிஷம் மிச்சம்.
"காசு கொடுத்து வாங்கினது, வீணாக்காதீங்க"
என்றாள் ஒலிப்பதிவு பார்த்த ஐலி.
வெய்யோ வாய்க்கு வந்ததைப் பாடினான்:
கையசைத்தாயிற்று, விடைபெற்றாயிற்று,
நீ ஜன்னலில் நின்று பார்க்கிறாய்,
கார் ஸ்டார்ட் ஆகவில்லை.

இரண்டாம் நிமிஷம், பத்தொன்பதாம் நொடி,
என் வலக்கைக் குச்சி நழுவியது.
விரல் மரத்திருந்தது. வேறு காரணம் இல்லை.
(பத்திரிகைகள் அப்புறம் நிறையக் காரணம் எழுதின.)
ஒரே ஒரு அடி.
அந்த இடத்தில் குச்சி ஓட்டுத்தரையில் உருள்கிறது,
பிறகு நான் வந்து சேர்ந்துகொள்கிறேன்,
மணி அடித்தபின் வகுப்புக்குள் நுழைகிறவன் மாதிரி.
திரும்ப எடுக்க நாடா இல்லை.

மார்ச்சில் விலகினேன். சண்டை ஏதுமில்லை.
ஆலையில் நிரந்தர வேலை,
மெர்விக்கு ஆறு மாசம்,
வேனுக்கு இன்சூரன்ஸ் முடிந்திருந்தது.
எல்லோரும் கைகுலுக்கினோம்.
ராய்லா மட்டும் குலுக்கிய கையை
உடனே விடவில்லை.

ஜூனில், ராத்திரி பத்துமணி வெயிலில்,
ஷிப்ட் முடிந்து பெட்ரோல் பங்கில்
காப்பி ஊற்றிக்கொண்டிருக்கையில்
ரேடியோவில் என் குச்சி விழுந்தது.
கல்லாவில் இருந்த பையன்
சரியாக அங்கே தலையாட்டலை நிறுத்தினான்,
மூச்சைப் பிடித்தான்,
பிறகு தொடர்ந்தான்.
என் காப்பி கோப்பையைத் தாண்டி
கவுண்டரில் ஓடியது.

"பெரிய வாய்ப்பு கைநழுவிப் போச்சே" என்கிறார்கள்
ஆலைக் கேன்டீனில்.
நழுவினது குச்சிதான் என்கிறேன்.
சிரிக்கிறார்கள், பாதிப்பேருக்குப் புரிவதில்லை.

பாட்டுக்கு எங்கள் நாலுபேர் பெயரும் போட்டிருந்தது.
வருஷத்தில் இரண்டு உறை வருகிறது.
அந்தக் காசில் ஒரு கார் வாங்கினோம்.
ஸ்டார்ட் ஆகிறது.

இப்போது திடலில் இருபதாயிரம் பேர்
அந்த ஓர் அடிக்கு வாய்மூடுகிறார்களாம்.
நான் வாசித்ததில் ஊருக்கெல்லாம் தெரிந்தது
நான் வாசிக்காத அது ஒன்றுதான்.
புது டிரம்மர் யர்க்கோ, நல்ல பையன்,
ஒவ்வொரு இரவும் குச்சியை
மைக் பதித்த பலகைமேல் போடுகிறான்.
போனவாரம் கூப்பிட்டிருந்தான்.
எவ்வளவு போட்டும் அந்தச் சத்தம் வரவில்லையாம்.
"எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது?"

பின்னால் மேடைக்கு ஆட்கள் இழுக்கும்
பெட்டிகளின் சத்தம் கேட்டது.
முழங்கால் உயரம் என்று சொன்னேன்.
நன்றி சொல்லி வைத்துவிட்டான்.

சிம்பலுக்காகக் கையைத் தூக்கியிருந்தேன்.
தோள் உயரம்.
அதையாவது நான் வைத்துக்கொள்கிறேன்.